ஒரு தரம் அடித்தால் கிரெம்னேவ்

வாசல் மணி ஒரு தரம் அடித்தது. கப்பித்தலீனா தலையணையைக் காதின்மேல் போட்டு அழுத்திக்கொண்டாள். செத்தவனைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது.

ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் சூடான தட்டுகளை இழுத்துப்போட்டுவிட்டு விடிந்தபிறகுதான் வந்து படுத்திருந்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் பேரக்குழந்தை அப்போதுதான் அழுது ஓய்ந்திருந்தது. மணிச் சத்தத்தில் அது மறுபடி ஆரம்பித்தது. மருமகள் லூதா முணுமுணுப்பது கேட்டது.

மூன்று குடும்பம் ஒண்டியிருக்கும் வீடு அது. வெளிக்கதவில் மணிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை. கிரெம்னேவுக்கு ஒரு தரம், ரூஃபினாவுக்கு இரண்டு தரம், கப்பித்தலீனாவுக்கு மூன்று தரம். லெனின்கிராடில் இப்படிப்பட்ட எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். தன் எண்ணிக்கை அடித்தால் ஒழிய யாரும் எழுந்து போவதில்லை. கிரெம்னேவ் அக்டோபரில் செத்துப்போனான். அவன் பெயரைப் பலகையிலிருந்து யாரும் சுரண்டவில்லை. ரூஃபினாவுக்குக் காது கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். ஆகவே செத்தவனின் மணிக்கு எழுந்து போவது கப்பித்தலீனாவின் தலையெழுத்தாயிற்று.

கதவைத் திறந்தாள். ஒரு பையனும் பெண்ணும். கையில் கார்னேஷன் பூ. பூட்ஸில் பனிச்சேறு.

"அவெர்யான் லூக்கிச் கிரெம்னேவ் வாழ்ந்த வீடு இதுதானே? நாங்க பேர்ம் நகரத்துலேர்ந்து வர்றோம்."

"வாழ்ந்தது போதும்னுதான் போயிட்டாரே. காலைத் துடைங்க."

"அறையைப் பாக்க முடியுமா?"

"சீல் வெச்சிருக்கு. சீலைப் பாத்துட்டுப் போங்க."

கதவுக்கும் நிலைக்கும் குறுக்காக ஒட்டிய காகிதப் பட்டையில் வீட்டு நிர்வாக அலுவலகத்தின் நீல முத்திரை. இருவரும் அதன் முன்னால் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். பெண் கையுறையைக் கழற்றிக் கதவைத் தொட்டாள்.

"சமையலறையிலதானே உக்காந்து அக்கம்பக்கத்துக்காரங்ககிட்ட கதை கேப்பாராம்?"

"ஆமா. அங்கதான் பாலையும் பொங்க விடுவாரு. ஒரு நாளாவது துடைச்சது கிடையாது. அதையும் எழுதிக்கோ."

பையன் சிரித்தான். வேடிக்கையாகப் பேசும் கிழவி என்று நினைத்துவிட்டான். கப்பித்தலீனா அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பூவை முத்திரையின் கீழ் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் குப்பைவாளியில் போட்டாள்.

அந்த அறை அவளுக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ஒரே அறையில் அவள், மகன் கேனா, லூதா, கைக்குழந்தை. நடுவில் ஒரு அலமாரி. அலமாரிக்கு இந்தப் பக்கம் பகலில் தூங்க வேண்டியவள், அந்தப் பக்கம் பகலெல்லாம் அழ வேண்டிய குழந்தை. காலியாகும் அறை அதே வீட்டில் நெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நம்பித்தான் கிழவன் எப்போது சாவான் என்று அவள் காத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை. செத்த மறுவாரமே பல்கலைக்கழகம் மனுப் போட்டுவிட்டது. உலகப் புகழ்பெற்ற நாட்டுப்புறக்கதை ஆய்வாளர் வாழ்ந்த அறையை நினைவு அறையாக்க வேண்டுமாம். நாற்காலி, மேசை, கதை அட்டைகள் வைத்த இழுப்பறைகள் எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டுமாம்.

"செத்தவனுக்குத் தனி ரூம், உயிரோட இருக்கிற நாலு பேருக்கு ஒரு அலமாரி" என்று கேனா சொன்னான். "அம்மா, நீ போய் அந்த நிர்வாகிகிட்டக் கத்தேன். உனக்குக் கத்த வரும்."

"கத்தியாச்சு. 'அவரு பெரிய மனுஷன், கப்பித்தலீனா'ங்கிறான்."

பெரிய மனுஷன்தான். செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதின. கிராமத்துத் தேவாலயப் பாடகரின் மகன், முதுகில் ஒரு பையோடு வடக்கே ஆற்றோரம் ஆற்றோரமாக நடந்து, மீனவர்களிடமும் மரம்வெட்டிகளிடமும் கதை சேர்த்தவர். ஒவ்வொரு கதையையும் துண்டுதுண்டாக்கி அட்டையில் எழுதி, ரஷ்யக் கதைகளுக்கெல்லாம் ஒரு வரிசை கண்டவர். போரில் ஜெர்மன் படை நகரத்தை முற்றுகையிட்ட குளிர்காலத்தில் ஊரே மேசை நாற்காலியையும் புத்தகத்தையும் எரித்துக் குளிர்காய்ந்தபோது, ஒரு அட்டையைக்கூட எரிக்காமல் காத்தவர். பிற்பாடு தனி வீடு கொடுத்தார்கள். அட்டைகளின் வரிசை கலைந்துவிடும் என்று போகவில்லை. இதையும் பெருமையாக எழுதினார்கள்.

முற்றுகைக் கதையின் மிச்சம் ரூஃபினாவுக்குத் தெரியும். அப்போது இந்த வீட்டில் இருந்தவர்களில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். அவள் ஒரு தரம்தான் சொன்னாள். கப்பித்தலீனாவுக்கு ஒரு தரமே போதுமாயிருந்தது.

கிரெம்னேவுக்கு லீல்யா என்று ஒரு பெண் குழந்தை. ஜனவரியில் தகரக் கணப்பில் போட எதுவும் இல்லாமல் போயிற்று. ரூஃபினா அவன் கதவைத் தட்டினாள். ஓக் மரத்தில் செய்த இழுப்பறைகள் சுவர் முழுக்க நின்றன. அட்டையை நீயே வைத்துக்கொள், காலிப்பெட்டி ஒன்றை மட்டும் கொடு, உனக்கும் கொஞ்சம் எரியும் எனக்கும் கொஞ்சம் எரியும் என்றாள். அவன் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னான்: "இல்ல. வரிசை கலைஞ்சிடும்."

அந்த வாரமே லீல்யா போய்விட்டாள். பசியா குளிரா என்று யார் சொல்ல முடியும்? அவன் மனைவி வசந்தத் தொடக்கத்தில் லாரியேறி உறைந்த ஏரியைத் தாண்டி முற்றுகையை விட்டுத் தப்பிப் போனவள், திரும்பி வரவேயில்லை.

இது ரூஃபினாவின் கதை. கப்பித்தலீனாவுக்குச் சொந்தக் கணக்கு ஒன்று தனியாக இருந்தது.

அவள் அம்மா அகாஃப்யா வடக்கே மெஸேன் ஆற்றங்கரைக்காரி. கடைசிக் காலத்தில் மகளிடம் வந்து படுத்தாள். கிழவிக்குக் கதை தெரியும் என்று மோப்பம் பிடித்ததிலிருந்து கிரெம்னேவ் பென்சிலும் கையுமாகக் கட்டிலை விட்டு நகரவில்லை. தேன் கொண்டுவந்தான், தலையணையை நிமிர்த்தி வைத்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே ஒரு சொல்தான் அவன் வாயில். அப்புறம்? அப்புறம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஆற்றுக்காரன் கதையைச் சொன்னாள். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் சொன்னாள். பனிக்கட்டியில் துளைபோட்டுத் தண்ணீர் குடித்த தம்பியை, ஆற்றடியில் செத்தவர்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றுக்காரன் உள்ளே இழுத்துக்கொள்கிறான். அக்காக்காரி அதே துளை வழியாக இறங்கிப் போகிறாள். ஆற்றுக்காரன் சொல்கிறான்: மூன்று இரவு என் அடுப்பை அணையாமல் காத்துக்கொடு, தம்பியைக் கூட்டிப் போ, யார் தட்டினாலும் கதவைத் திறந்தாயோ, நீயும் இங்கேதான். முதல் இரவு செத்துப்போன அம்மாவின் குரலில் யாரோ கூப்பிடுகிறார்கள். அவள் திறக்கவில்லை. இரண்டாம் இரவு கடலோடு போன மாப்பிள்ளையின் குரல். திறக்கவில்லை. மூன்றாம் இரவு யாரும் கூப்பிடவில்லை, அழவில்லை. மெதுவாக ஒரு தட்டு. அவள் எழுந்தாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள். அங்கே...

அதோடு அம்மா நிறுத்தினாள். மூச்சையும் சேர்த்து.

கப்பித்தலீனா கண்களை மூடிவிட்டு, தாடை தொங்காமலிருக்கத் தலைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவள் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள்.

"கப்பித்தலீனா ஃபமினிச்னா, திறந்தா. அப்புறம் என்ன? உங்களுக்கு முன்னாடி சொல்லியிருக்காங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா அந்தக் கதையைச் சின்ன வயதில் அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். முடிவு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"மறந்துபோச்சு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவன் புகழ் வீங்கியது. முடிவு கிடைக்காத கதையை வைத்து ஒரு புத்தகம் எழுதினான். மிகப் பழைய கதைகளுக்கு முடிவே கிடையாதாம். கதவுக்கு அப்பால் இருப்பது சாவு. சொல்லக்கூடாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்களாம். அகாஃப்யா தெரிந்தேதான் அந்த இடத்தில் நிறுத்தினாளாம். அதை எத்தனையோ மொழிகளில் போட்டார்கள். பாரிஸிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் ஆட்கள் வந்து மணியை ஒரு தரம் அடித்தார்கள். கடைக்கு எண்ணெய் வாங்கப் போனால்கூட, சாவைச் சொல்லாமல் விட்ட கிழவியின் மகள் நீங்கள்தானா என்று கேட்டார்கள்.

ஆனால் அவன் எழுதியதை அவனே நம்பவில்லை. அது கப்பித்தலீனாவுக்கு மட்டும் தெரியும். ஆளில்லாத நேரம் பார்த்துச் சமையலறைக்கு வருவான். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நின்று மெல்லக் கேட்பான்.

"திறந்தா. அப்புறம்?"

"மறந்துபோச்சு."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்."

"உங்க பால் பொங்குது."

அக்டோபரில் தூக்குப்படுக்கையில் வைத்து அவனை மாடிப்படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் படுக்கை மாட்டிக்கொண்டது. அவள் மேல்படியில் நின்றாள். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டான். கேள்வியைச் சொல்லக்கூட இல்லை, பார்த்தான், அவ்வளவுதான்.

"போயிட்டுத் திரும்பி வாங்க, சொல்றேன்" என்றாள்.

விரலைப் பிரித்துவிட்டாள். அவன் திரும்பி வரவில்லை. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிப்ரவரியில் பெலிஷெவ் வந்தான். கிரெம்னேவின் தலைமை மாணவன், இப்போது துறையில் அவன் இடத்தில் இருப்பவன். நாற்பது வயது, நல்ல கோட்டு, ஈரமான கை. மணியை ஒரு தரம்தான் அடித்தான். ஒரு கையில் கேக் பெட்டி, மறுகையில் அளக்கிற டேப். வந்ததும் வராததுமாக நடைவழியின் அகலத்தை அளக்க ஆரம்பித்தான்.

"பார்வையாளருங்க கோட்டு மாட்ட இங்க ஒரு ஸ்டாண்டு வேணும். உங்க சைக்கிளை எடுத்துடலாம், இல்லையா?"

"கேக்கை வெச்சிட்டு டேப்பை மடிங்க" என்றாள் கப்பித்தலீனா. "சமையலறைக்கு வாங்க. பேசணும்."

அவன் முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் தேநீர் கொடுக்கவில்லை.

"எனக்கு அந்த ரூம் வேணும்."

"புரியுது. ரொம்பக் கஷ்டமான சூழல்தான். ஆனா அறிவியலுக்குன்னு பாத்தா..."

"அறிவியலுக்கு நானும் ஒண்ணு தர்றேன். ஆற்றுக்காரன் கதையோட முடிவு எனக்குத் தெரியும். ரூம் மனுவை வாபஸ் வாங்குங்க, சொல்றேன். கையெழுத்துப் போட்டே தர்றேன்."

அவன் துள்ளிக் குதிப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். கிழவன் என்றால் முழங்காலில் விழுந்திருப்பான். பெலிஷெவின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினான்.

"எந்த முடிவு? அதுக்கு முடிவு கிடையாதே."

"கதைன்னா முடிவு இருக்கும். எங்கம்மா என்ன முட்டாளா? அவ கதவைத் திறக்கிறா. அங்க நிக்கிறது..."

"சொல்லாதீங்க!"

அடுப்பங்கரையில் கிடந்த கரண்டி அதிரும்படி கத்திவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கப்பித்தலீனா ஃபமினிச்னா, தயவு செஞ்சு. வேண்டாம்."

அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு விளங்கிவிட்டது.

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"முனைவர் பட்டத்துக்கு மேல் ஆய்வு. முடிவின்மை பத்தி. மே மாசம் சபை முன்னாடி வாதாடணும்."

"எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"ரெண்டு தொகுதி."

"அடக் கடவுளே" என்று அவள் சிரித்தாள். பல வருடமாக அந்தச் சமையலறையில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. "அந்தக் கிழவன் முடிவுக்காக அலைஞ்சான். நீ முடிவு வந்துடுமோன்னு அலையறே. அவனே தேவலாம்போல இருக்கே."

அவள் ஒருமைக்கு இறங்கிவிட்டதை அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"உங்களுக்கு நிஜமாத் தெரியுமா?" என்றான்.

"சொல்லிக் காட்டவா?"

"வேண்டாம், வேண்டாம்." டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். "அட்டைகளை நாங்க பல்கலைக்கழகத்துக்கு எடுத்துட்டுப் போயிடறோம். ரூமுக்கான மனுவை வாபஸ் வாங்கிடலாம். வெளிச்சுவர்ல ஒரு நினைவுக் கல் மட்டும் போதும். ஏப்ரல்ல திறப்பு. வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வருவாங்க. உங்களைக் கேப்பாங்க."

"கேட்டா, மறந்துபோச்சும்பேன். இத்தனை வருஷமா வேற என்ன சொல்லிட்டிருக்கேன்?"

"ரூம் ஒதுக்கீட்டு உத்தரவுல கல் திறப்புக்கு அப்புறந்தான் கையெழுத்தாகும்."

"என்மேல அவ்வளவு நம்பிக்கை."

"உங்க மேல இல்ல" என்றான் பெலிஷெவ் அலுப்பாக. "யார் மேலயும் இல்ல."

அவன் போனபிறகு கேக்கைப் பிரித்தாள். மேலே கிரீமில் ரோஜாப்பூ. கேனாவும் லூதாவும் சாப்பிட்டார்கள். ரூஃபினாவுக்கு ஒரு துண்டு வைத்தாள். தான் தொடவில்லை.

ஏப்ரலில் கல்லைத் திறந்த அன்று மழையும் பனியும் கலந்து பெய்தது. அவர்கள் வீடு இருந்த வசிலியெவ்ஸ்கி தீவுத் தெரு குடைகளால் அடைத்துப்போயிற்று. வெள்ளைத் துணி ஈரத்தில் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தபோது பாதி கிழிந்தது. கருங்கல்லில் கிரெம்னேவின் பக்கவாட்டு முகம். மூக்கைச் சின்னதாக்கியிருந்தார்கள்.

பெலிஷெவ் ஒலிபெருக்கிமுன் நின்றான். கப்பித்தலீனாவும் ரூஃபினாவும் முதல் வரிசையில். அவர்களை அங்கே நிறுத்தியதே அவன்தான். கண்ணெதிரில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பான்.

"கணப்பு அணைந்த அறையில், உறைந்த விரல்களோடு, ஒரு அட்டையைக்கூட நெருப்புக்குக் கொடுக்காமல்..."

ரூஃபினா கப்பித்தலீனாவின் முழங்கையை இடித்தாள். காது கேட்காதவள் குரல் எப்போதும் உரக்கத்தான் வரும்.

"என்ன சொல்றான்?"

"அட்டையை எரிக்கலன்னு சொல்றான்."

"லீல்யாவைப் பத்திச் சொல்றானா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"அவனுக்குத் தெரியாது, ரூஃபினா கார்லவ்னா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்."

"அந்தப் பொண்ணு பேரு லீல்யா!" என்று ரூஃபினா ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள். "பச்சைத் தொப்பி போட்டிருப்பா!"

தலைகள் திரும்பின. யாரோ உஷ் என்றார்கள். பெலிஷெவ் ஒரு நொடி நின்று, தாளைத் திருப்பி, இன்னும் உரக்கத் தொடர்ந்தான். வயதான பெண்மணி அழுகிறாள், பேராசிரியர்மேல் அவ்வளவு பாசம் என்று பின்னால் ஒருத்தி சொன்னது கப்பித்தலீனாவின் காதில் விழுந்தது.

பேச்சு முடிந்ததும் பின்லாந்துக்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளினியோடு அவளிடம் வந்தார். உயரமான கிழவர், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். வழுக்கையில் பனி விழுந்து உருகியது.

"அகாஃப்யா அம்மாவோட மகள் நீங்கதானேன்னு கேக்கிறாரு. ஆயுசு பூரா உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தாராம். அந்தக் கதவுக்கு வெளியில யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பெலிஷெவ் யாருடைய கையையோ குலுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வீட்டு நிர்வாகி தோல்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றான். உத்தரவு அந்தப் பைக்குள் இருந்தது.

நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அந்தக் கல் மூக்கோடு சேர்ந்து விழும். அதைச் சொன்னால் அலமாரிக்கு இந்தப் பக்கம் அவள் சாகும்வரை கிடப்பாள்.

"மறந்துபோச்சு" என்றாள்.

பின்லாந்துக்காரர் தலை குனிந்து அவள் கையை முத்தமிட்டார். அவருக்கு வேண்டிய பதில் அதுதான் போலிருந்தது. நிம்மதியாகப் போனார்.

திங்கட்கிழமை நிர்வாகி வந்து காகிதப் பட்டையைக் கத்தியால் கீறினான். இழுப்பறைகளை லாரியில் ஏற்ற ஆறேழு பேர் வந்தார்கள். எண் போட்டு, வரிசை கலையாமல், குழந்தையின் சவப்பெட்டியைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ரூஃபினா தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஓக்கு" என்றாள். "நல்லா எரியும்."

கப்பித்தலீனா அந்த அறையைச் சலவைச் சோடாவும் கொதிநீரும் போட்டுக் கழுவினாள். சுவரில் இழுப்பறைகள் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கட்டம்கட்டமாகத் தெரிந்தது. அதன்மேல் புதுச் சுவர்த்தாள் ஒட்டினாள். பழைய அறை கேனா குடும்பத்துக்கு. அவள் தன் கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போட்டுப் படுத்தாள். குழந்தை அழுதால் இங்கே கேட்காது. தகரப் பலகையில் கிரெம்னேவைச் சுரண்டி எடுத்துத் தன் பெயரை எழுதினாள். இனி ஒரு தரம் அடித்தால் கப்பித்தலீனா.

மே மாதம் பெலிஷெவுக்குப் பட்டம் கிடைத்தது. செய்தித்தாளில் படம் போட்டார்கள்.

ஆனால் மணி நிற்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே கல்லைப் படித்தவர்கள் மாடியேறி வந்தார்கள். புதுப் பெயரைப் பார்த்தாலும், கிரெம்னேவுக்கு ஒரு தரம் என்று அவர்களுக்கு எங்கோ படித்து மனப்பாடம். ஒரு தரம் அடித்தார்கள். இப்போது அது அவளுடைய மணியும்கூட. யாருக்கென்று திறந்தால்தான் தெரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, தொழிற்சாலையிலிருந்து வந்து கால் நீட்டியவுடன் மணி அடித்தது. ஒரு பெண். இருபது வயதிருக்கும், சடை, தோளில் துணிப்பை.

"மன்னிக்கணும் பாட்டி. நான் பெலிஷெவ் சாரோட மாணவி. அறையைக் கொஞ்சம்..."

"உள்ள வா" என்றாள் கப்பித்தலீனா.

அந்தப் பெண் திகைத்தாள். கப்பித்தலீனா அவளை அறைக்குள் இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். உத்தரவு கையில் இருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. இனி எவனும் பிடுங்க முடியாது. கிழவனின் புகழை அவன் அறையிலேயே வைத்து முறிக்க இதைவிட நல்ல நாள் வராது.

"ஆற்றுக்காரன் கதை தெரியும்ல? கதவைத் திறக்கிறா. அங்க யாரு நிக்கிறான்னு சொல்றேன். பென்சிலை எடு."

அந்தப் பெண் பென்சிலை எடுக்கவில்லை. மரியாதையாகக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரி நிக்கிறா. கையில ஓட்டைச் சட்டி. 'எங்க அடுப்பு அணைஞ்சுபோச்சு, ரெண்டு கங்கு குடு'ங்கிறா. இவளும் ஒண்ணும் யோசிக்கல. அள்ளிப் போடறா. விடிஞ்சதும் ஆற்றுக்காரன் வந்து, 'என் நெருப்புல பாதியைக் காணோமே, யாருக்குக் குடுத்தே?'ங்கிறான். 'பக்கத்து வீட்டுக்காரிக்கு.' 'எனக்குப் பக்கத்து வீடே கிடையாது. என் கதவை யாருமே தட்ட மாட்டாங்க.' 'இப்ப ஒருத்தி இருக்கா'ங்கிறா இவ. பக்கத்து வீடு வந்துட்டா அப்புறம் அது செத்தவங்க வீடா? அவனுக்குப் பலம் போயிடுது. தம்பியைக் கூட்டிட்டு மேல வந்துடறா. 'நானும் அந்த வழியா வந்தேன், ஒரு கங்கு கேட்டேன், கை சுட்டதுதான் மிச்சம்'னு சொல்லி முடிக்கணும். அவ்வளவுதான் கதை. எங்கம்மா இப்படித்தான் சொல்வா. எழுது."

பெண் புன்னகைத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் கிழவிகளைப் பார்த்துப் புன்னகைப்பார்களே, அந்த மாதிரி.

"ரொம்ப அழகா இருக்கு பாட்டி."

"அழகு கிடக்கட்டும். எழுதுடி."

"இல்ல, பெலிஷெவ் சார் ஆய்வுல இதுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு. ஜனங்களுக்கு வெறுமையைத் தாங்க முடியாதாம். அதனால பின்னாடி ஒரு முடிவை இட்டுக்கட்டிக்குவாங்களாம். முக்கியமா, சொன்னவங்களோட சொந்தக்காரங்க. நீங்களும் சொல்லக்கூடும்னு அவரு முன்னாடியே எழுதியிருக்காரு."

"என்னைப் பத்தியா?"

"பேரு போடல."

பிப்ரவரியில் கேக்கோடு வந்து வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தவன், வீட்டுக்குப் போனதும் அந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறான். அறையையும் கொடுத்து, அவள் வாய்க்குக் காவலும் போட்டுவிட்டான்.

"கிரெம்னேவா இருந்தா எழுதியிருப்பான்" என்றாள். அவனுக்காக ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான். "செத்துக்கிட்டே எழுதியிருப்பான், தெரியுமா? உங்களுக்கெல்லாம் அவன் யாருன்னே தெரியாது."

"அவரு எழுந்து நின்னு கேட்டிருப்பாரு" என்று ஒத்துக்கொண்டாள் பெண். எழுந்து அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். "இழுப்பறைங்க இந்தச் சுவர்லதானே இருந்துது?"

"வெளிய போ."

"நான் தப்பா ஒண்ணும்..."

"போடி வெளிய! பூவைக் கீழ கல்லுக்குப் போடு! மணியை அடிச்சா விரலை ஒடிப்பேன், எல்லார்கிட்டயும் சொல்லு!"

நடைவழி முழுக்கக் கத்திக்கொண்டே அவளை வாசல்வரை விரட்டினாள். கேனாவின் அறையில் குழந்தை வீறிட்டது. திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் விழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ கல்லைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவெர்யான் லூக்கிச் கிரெம்னேவ், இங்கு வாழ்ந்தார், பணியாற்றினார். தலையணையைக் காதின்மேல் அழுத்திக்கொண்டாள்.

கதவில் ஒரு தட்டு. மெதுவாக.

அவள் அசையவில்லை.

மறுபடி தட்டு.



"நான்தான், கப்பா." ரூஃபினாவின் குரல், வழக்கம்போல் உரக்க. "எங்கிட்டத் தீப்பெட்டி தீந்துபோச்சு. அடுப்புப் பத்த வைக்கணும். ஒரு குச்சி குடேன்."

தீப்பெட்டி மேசைமேல்தான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். எழுந்தால் தூக்கம் போய்விடும். தாழ்ப்பாளை எடுக்க வேண்டும், ஜாடை காட்டிப் பேச வேண்டும், லீல்யாவின் பச்சைத் தொப்பியைப் பற்றி இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

"இல்ல!" என்று கத்தினாள். "போங்க!"

கேட்டதோ கேட்கவில்லையோ. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நகரவில்லை.